கம்ப்யூட்டருக்கு வைஸ் மாட்டின கதை

வேலை இவ்ளோதான். ஷிப்ட் லிஸ்ட்டை கம்ப்யூட்டர்ல அடிச்சுக் காட்டணும்.

1991. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில தகடு அடிக்கற பிரஸ் மெஷின்ல நிக்கிறேன். நாள் பூரா டமார் டமார்னு சத்தம். வீட்டுல பொண்டாட்டி கூப்பிட்டாக்கூட காதுல விழாது. சில நாள் அது வசதியாவும் இருந்துச்சு.

சும்மா இருக்காம மேனேஜர்கிட்ட, "என்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு சார்"னு சொல்லிட்டேன்.

"அப்படியா? திங்கக்கிழமை கொண்டாந்து என் எதிர்ல லிஸ்ட் அடிச்சுக் காட்டு. உன்னை ப்ளானிங் செக்‌ஷனுக்கு மாத்திடறேன்."

ப்ளானிங்! ஃபேன்! நாற்காலி!

என்னோடது டிவியில மாட்டுற செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். பிரிண்டர் ஓடணும்னா நடுவுல ஒரு பொட்டி மாட்டணும். பொட்டி வேற கம்பெனி. பின்னாடி ஸ்லாட்டுல பாதிதான் போச்சு. உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு முட்டுது.

எங்க கம்பெனி டூல் ரூம் ஃபிட்டர் ஏகாம்பரம் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஃபிட்டர் கண்ணுக்கு, அரம் போட்டா சேராத சாமான் உலகத்துலயே கிடையாது.

"இன்னா நைனா, அரை மில்லிதான் முட்டுது. தேச்சுடலாம்."

தேச்சாரு. பொட்டி உள்ள போச்சு. போய், ஆட ஆரம்பிச்சுது. ஒரு எழுத்து தட்டினா ஆடும். ஆடினா எல்லாம் அழியும். பாட்டு கேசட் மாதிரி ஒரு டேப்புல இருந்து எல்லாத்தையும் மறுபடி ஏத்தணும்.

"ஆடுதுண்ணே."

"ஆடாம புடிச்சுக்கினா போச்சு. இரு."

மறுநாள் பையில இருந்து ஒரு பெஞ்ச் வைஸை எடுத்தாரு. இரும்பைக் கடிச்சுப் புடிக்கற வைஸ்! கம்ப்யூட்டரையும் பொட்டியையும் அதுக்குள்ள குடுத்து முறுக்கினாரு.

பிரிண்டர் கரகரன்னு அடிச்சுது! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

திங்கக்கிழமை எங்க ஊரு படப்பையில கம்பெனி பஸ் ஏறினேன். காலடியில பிரிண்டர். மடியில வைஸ், வைஸுக்குள்ள கம்ப்யூட்டர்.

பக்கத்து சீட்டு ஆளு, "இன்னாபா, சாணை புடிக்கற மெஷினா?"ன்னாரு.

கேட்டுல செக்யூரிட்டி மறிச்சாரு. "இது நம்ம டூல் ரூம் வைஸாச்சே! வெளிய போனதுக்கு கேட் பாஸ் எங்க?"

"வெளிய போகலண்ணே, உள்ளதான் வருது."

"வெளிய போகாம எப்டிபா உள்ள வரும்? கழட்டி வெச்சுட்டுப் போ."

கழட்டினா பிரிண்டர் அடிக்காது. அடிக்கலன்னா ப்ளானிங் போச்சு! வைஸைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அவர் கைப்பிடியைப் புடிச்சு இழுக்கறாரு. சத்தம் கேட்டு மேனேஜரே வந்துட்டாரு.

"விடுப்பா. முதல்ல லிஸ்ட்டைப் பாப்போம்."

கேன்டீன் டிவியில மாட்டி, டேப் ஏத்தி, ஓட விட்டேன். ஷிப்ட் மொத்தமும் சுத்தி நின்னுச்சு. கரகர கரகர... ஒரு எழுத்து பிசகல! மேனேஜர் பிரிண்டர்ல இருந்து பேப்பரைக் கிழிச்சு எடுத்தாரு, கையெழுத்துப் போட்டாரு, "போர்டுல ஒட்டுங்க"ன்னாரு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. போர்டுல இருந்த பழைய லிஸ்ட்டைத்தான் நான் அப்படியே பார்த்து அடிச்சிருந்தேன். என் பேருக்கு எதிர்ல பிரஸ், நைட் ஷிப்ட்.

"சார், அது சாம்பிள் சார்! என்னை ப்ளானிங்குக்கு..."

"மாத்தலாம்னுதான் இருந்தேன். ஆனா கம்ப்யூட்டரே உன்னை பிரஸ்ல போட்டிருக்கேப்பா. அதுல நாம கை வெக்கக் கூடாது."

லிஸ்ட் போட்டவனைத் திட்டிக்கிட்டே போறதுதான் நைட் ஷிப்ட்ல இருக்கற ஒரே சுகம். எனக்கு அதுவும் இல்லாம போச்சு.