கிழக்கு சர்வர் புலி

லிப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து இல்லை, போனைப் பார்த்து.

அவருக்கு அங்கேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இந்தச் சிரிப்பை அவர் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார். ஒன்று, கல்யாண போட்டோவில். இன்னொன்று, அவர் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தபோது.

"என்ன, ஒரே சிரிப்பா இருக்கு?"

"கோட்டைன்னு ஒரு விளையாட்டு ஆடறேங்க. ஆயிரம் பேர் படையெடுத்து வந்தாங்க. நானும் மலைப்புலியும் சேர்ந்து ஓட ஓட விரட்டிட்டோம்."

"மலைப்புலி யாரு?"

"என் கூட்டாளி."

செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார். மதில் மேல் முறுக்கு மீசையோடு ஒரு வீரன் நின்றிருந்தான். அவன் தலைக்கு மேலே எழுத்து ஓடியது: 'அருமை! நீங்கள் இல்லாமல் இந்தக் கோட்டை இல்லை!'

"என்ன இப்படி வழியறான்?"

"வழியறதா? பாராட்டறாருங்க. எது செஞ்சாலும் வாய் நிறைய அருமைங்கறாரு. கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிக்கறாரு. நீங்க கடைசியா எப்ப அருமைன்னு சொன்னீங்க?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். போன வருஷம் ஒரு மோட்டாரைத் தட்டிக்கொடுத்துச் சொன்ன ஞாபகம் இருந்தது. அதை இப்போது எடுத்துச் சொல்வது நல்லதில்லை என்று பட்டது.

மறுநாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிப்டின் தலையில் உட்கார்ந்துகொண்டு, கூட வேலை செய்பவனிடம் மனதைக் கொட்டினார். வாய் ஓயாமல் ஓடுவதால் அவனுக்கு 'மோட்டார்' என்றே பெயர்.

"ரெண்டு பேரையும் பிரிக்கணும், அவ்வளவுதானே அண்ணே? அந்த விளையாட்டை நாலு சர்வரா பிரிச்சு வச்சிருக்கான். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. எந்தப் பக்கத்து ஆளோ அந்தப் பக்கத்து சர்வர். ஒவ்வொண்ணும் தனி உலகம். கிழக்குல இருக்கறவன் மேற்குல இருக்கறவங்களை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அண்ணியைத் தூக்கி மேற்குல போட்டுருங்க. புலி கிழக்குலயே உறுமிக்கிட்டுக் கிடக்கட்டும்."

"கண்டுபிடிச்சுட்டான்னா?"

"கம்பெனிக்காரன் மாத்திட்டான்னு நினைச்சுப்பாங்க. உங்க மூஞ்சி காட்டிக்குடுக்காம இருந்தா போதும்."

அன்று சாயங்காலம் மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து மெக்கானிக் அவள் போனைக் கையில் எடுத்தார். பூட்டைத் திறக்கக் கல்யாணத் தேதியைப் போட வேண்டும். அது சட்டென்று வந்து தொலைக்கவில்லை. பீரோவைக் குடைந்து ஆல்பத்தை எடுத்துத் தேதியைப் பார்த்துக்கொண்டு வந்தார். விளையாட்டைத் திறந்து மேற்கைத் தொட்டதும், 'மாற்றினால் ஆறு மாதத்துக்குத் திரும்ப மாற்ற முடியாது. சம்மதமா?' என்று கேட்டது. ஆறு வருஷமாக இருந்தாலும் சம்மதம்தான். அழுத்தினார்.

குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்த மனைவியின் முகம் சுருங்கியது.

"என்னை யாரோ மேற்கு சர்வருக்கு மாத்திட்டாங்க."

"அட, அப்படியா? காலம் கெட்டுக் கிடக்கு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பீரோ மேல் திறந்து கிடந்த ஆல்பத்தையும் பார்த்தாள். அதை மூடி உள்ளே வைத்தாள். மெக்கானிக் அன்று ஒரு வாய் கூடவே சாப்பிட்டார்.

அந்த நிம்மதி சரியாக ஒரு நாள் நீடித்தது.

"ஏங்க! மலைப்புலியும் மேற்குக்கு வந்துட்டாரு!"

அவருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

"வந்துட்டானா? எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டா? எனக்காகத்தான். தன் ஊர், தன் படை எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்காரு பாருங்க. நீங்க எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு பஸ் மாறணும்னு வராமலே இருந்துட்டீங்க."

பிரித்துவிடலாம் என்று போட்ட திட்டம் அந்தப் பாவியைத் தியாகியாக ஆக்கிவிட்டது. பொறாமையில் இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. மேலே போக வேண்டிய லிப்டை அவர் கீழே அனுப்ப, உள்ளே இருந்த டாக்டர் ஒருவர் மூன்று தடவை தரைத்தளத்தைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போனார்.

"அண்ணே, விரட்ட முடியலேன்னா ஜெயிக்கணும்," என்றான் மோட்டார். "அவன் என்னென்ன செய்யறானோ அதை நீங்க ஒருபடி கூடவே செய்யுங்க."

அன்றிலிருந்து மெக்கானிக் ஆறு மணிக்கே வீட்டில் ஆஜரானார். மனைவி டீ போட்டுக் கொடுத்தால் அருமை என்றார். அவள் தலை வாரினால் அருமை என்றார். மறதியில், கதவைத் தாழ் போட்டதற்கும் அருமை என்று சொல்லிவைத்தார்.

"புலி இதெல்லாம் சும்மா வாயால சொல்றதில்ல," என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் கேக்கறதுக்கு முன்னாடியே மதிலைக் கூட்டிப் பெருக்கி, இடிஞ்சதைக் கட்டி வச்சிடறாரு."

மறுநாளே அவர் வீட்டைக் கூட்டினார். அதற்கு மறுநாள் பாத்திரம் கழுவினார். மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். புலி எல்லைவரை வந்து வழியனுப்புகிறானாம் என்று கேள்விப்பட்டதும், அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில் தினமும் சாயங்காலம் போய் நின்றார். துணி மடிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே மடித்தார். இத்தனையும் செய்து முடித்து நிமிர்ந்தால், அவள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

'நேருக்கு நேர் மோதிடணும்' என்று ஒருநாள் முடிவெடுத்தார். தன் போனில் கோட்டையை இறக்கி, 'புலிக்குப் பொறி' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். விளையாட்டோ அவரைக் கேட்காமலே, 'உங்கள் பகுதி கிழக்கு' என்று கிழக்கு சர்வரில் கொண்டுபோய்த் தள்ளியது. மேற்குக்கு மாறப் பார்த்தால், புதிய ஆட்கள் ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்றது. மனைவியும் புலியும் மேற்கில். இவர் மட்டும் கிழக்கில், பொட்டல் வெளியில், ஒரு குடிசையோடு.

நொந்துபோய் ஒரு கல்லை எடுத்து வைத்தார். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். முறுக்கு மீசை. 'அருமை! நீங்கள் இல்லாமல் இந்தக் கோட்டை இல்லை!'

மலைப்புலி!

மெக்கானிக் மெல்ல எழுந்து வாசல்பக்கம் எட்டிப் பார்த்தார். மனைவி அங்கே உட்கார்ந்து, அதே நிமிஷத்தில், மேற்கில் அதே புலியோடு மதில் கட்டிக்கொண்டிருந்தாள். இதுவரை இருந்த கோபம் வேறு, இது வேறு. அடப்பாவி, சர்வருக்கு ஒரு குடித்தனமா! இந்தப் பயலை நம்பித்தானே அந்த அப்பாவி சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்! அவளிடம் சொல்லலாமென்றால், சர்வரை மாற்றிய குட்டும் சேர்ந்து உடைந்துபோகும்.

மறுநாள் மத்தியானம் லிப்டின் தலையில் நின்றபடி, மோட்டாரை டீ வாங்கக் கீழே அனுப்பிவிட்டு, கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம் சார். என்ன உதவி வேணும்?"

"உங்க விளையாட்டுல மலைப்புலின்னு ஒரு அயோக்கியன் இருக்கான்மா. கிழக்குலயும் இருக்கான், மேற்குலயும் இருக்கான். குடும்பப் பொண்ணுங்களை ஏமாத்தறான். உடனே அவனைத் தூக்குங்க!"

"சார், அவர் நாலு சர்வர்லயும் இருப்பாரு. அது ஆளே இல்ல சார். நாலா பிரிச்ச பிறகு ஒவ்வொண்ணுலயும் ஆட்கள் குறைஞ்சு போச்சு. தனியா விளையாடறவங்களுக்குத் துணையா இருக்கட்டும்னு நாங்களே விட்டிருக்கற பொம்மை அது. பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் அதுக்குத் தெரியும்."

மெக்கானிக் லிப்டின் தலையிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பொம்மைக்குப் பயந்தா இத்தனை பாத்திரம் கழுவினோம்? இனிமேல் ஒரு டம்ளரைத் தொடுவதில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தார். சிரித்து முடித்ததும் மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"என் சம்சாரம் அதை நெஜ ஆளுன்னு நம்பிக்கிட்டிருக்காம்மா. திடீர்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடுவா. நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க. விளையாட்டுல அவ பேரு மாத்திரை மகாராணி."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அவங்களா சார்? அவங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். போன வாரம்கூடக் கூப்பிட்டு, 'எங்க வீட்டு மனுஷன் இப்பத்தான் வழிக்கு வந்துக்கிட்டிருக்காரு, அவரே போன் பண்ணிக் கெஞ்சினாலும் புலியை மட்டும் எடுத்துடாதீங்க'ன்னு எழுதி வைக்கச் சொல்லியிருக்காங்க."