கப்டன் அடுத்த கிழமை வாறார்

அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவளிடம் அண்டசராசரத்தின் நீதியை ஒப்படைக்கக்கூடாது. சண்டைக் காலத்தில், மன்னார்த் தீவில், எங்கள் தெரு அந்தப் பிழையைச் செய்தது.

மின்சாரம் இல்லை. அப்பா தன் வான் வண்டியின் பற்றரியைக் கழற்றிவந்து ஞாயிறு பின்னேரங்களில் ரீவியை இயக்குவார். ஆங்கில விண்வெளித் தொடர் ஒன்று போகும். ஏ.எல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான்தான் தெருவுக்கே மொழிபெயர்ப்பாளர். (பாதி விளங்காது. மீதியை ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பிடிப்பேன்.) கப்டனின் உலகத்தில் பசியில்லை, எல்லையில்லை, சோதனைச்சாவடியில்லை. கடைசியை நானே சேர்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ரோசலின் அக்கா எப்போதும் முன்னால் பாய் விரித்து இருப்பார். இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோன அவருடைய புருஷன் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

ஒரு ஞாயிறு, ஏதோ ஒரு கிரகத்தில் பலமான கூட்டமொன்று குண்டு போட்டு ஒரு சனத்தையே அழித்துக்கொண்டிருந்தது. அந்தச் சனம் கப்டனிடம் கையேந்தியது. அவர் கண்கலங்க நீண்ட விளக்கம் கொடுத்தார். பிறர் சண்டையில் தலையிடக்கூடாது என்பது அவர்களுடைய உயர்ந்த சட்டமாம். (சனியன், அன்றைக்கென்று பார்த்து எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.)

"என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார் ரோசலின் அக்கா.

"உதவிக்கு வாறாராம் அக்கா."

"கப்பல் திரும்பிப் போகுதெல்லோ?"

"ஓம்... ஆக்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த கிழமை வாறாராம்."

அடுத்த ஞாயிறு வீட்டில் கால் வைக்க இடமில்லை. அக்கா அயலட்டை முழுவதையும் கூட்டி வந்திருந்தார். பால் விடாத பிளேன்ரீ ஊற்றியே அம்மா களைத்துப்போனார். படம் தொடங்கியது. கப்டன் வேறொரு கிரகத்தில், கழுத்தில் மாலையோடு, விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேரம் போனது. அவர் சாப்பிட்டு முடிக்கிறபாடாயில்லை.

"இவர் இஞ்ச இருந்து சாப்பிடுறார். அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது பிள்ளை?"

"சமாதானமாகியிருப்பினம் அக்கா..." என்றேன்.

"கதை எழுதின ஆக்களே மறந்திட்டினம் போல," என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கப்டன் வெறும் அறைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்குப் படம் பார்க்க ஒருவரும் வரவில்லை. அக்காவின் புருஷனும் வரவில்லை.

இன்றைக்கும் வெளிநாட்டுத் தூதுக்குழு வந்து இறங்கியதாகச் செய்தியில் காட்டினால், தங்கச்சி என் பக்கம் திரும்புவாள். "அக்கா, என்னவாம்?" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இப்போது எனக்கு ஆங்கிலம் முழுதாக விளங்கும். மொழிபெயர்ப்பதில்லை.