வாசல் ஷூவும் சிவப்பு விளக்கும்

இனி என் வீட்டில் நான் பயந்து வாழ மாட்டேன் என்று போன டிசம்பரில் முடிவெடுத்தேன். சத்தமாகச் சொல்லவில்லை. என் மனைவி மிட்சுயோ பக்கத்து அறையில் இருந்தாள்.

ரிட்டயரான நாளிலிருந்து எனக்கு ஒரே வேலை. எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான அகிஹபாராவில் ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் கடைகளில் உதிரிபாகம் பொறுக்கி வந்து, எதையாவது செய்வேன். கொசுவை எண்ணும் கருவி செய்தேன். அது என் மாமியாரையும் சேர்த்து எண்ணியது. சூப் ஆறினால் கூவும் கிண்ணம் செய்தேன். அது சூப்புக்குள் மூழ்கிக் கூவியது. அதையெல்லாம் மிட்சுயோ பொறுத்துக்கொண்டாள். கொதாட்சு என்ற சூடேற்றும் மேஜைக்கடியில் கால் நீட்டிக் குளிர்காய்ந்தபடி சால்டரிங் பண்ணி, அதன்மேல் போர்த்தும் மெத்தையில் ஓட்டை போட்டதைத்தான் பொறுக்கவில்லை.

"இன்னொரு தடவை இந்த வீட்டுல அந்தப் புகை வரட்டும். மாடிப்படிக்கு அடியில இருக்கற உங்க உதிரிபாகப் பெட்டி அத்தனையும் எரியாத குப்பையில போயிடும்" என்றாள்.

செய்யக்கூடியவள்தான். எங்கள் தெருவில் எரியும் குப்பை, எரியாத குப்பை, எதை எந்தக் கிழமை எடுப்பார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

பெட்டிகள் போனால் நான் என்ன செய்வேன்? தூக்கமே வரவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசலில் அவள் ஷூ வைக்கும் தட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். அங்கிருந்து மாடிப்படிக்கு அடியில் என் மூலைக்கு ஒரு ஒயர். ஷூ தட்டில் இருந்தால் சிவப்பு விளக்கு, எஜமானி வீட்டில். ஷூ இல்லையென்றால் பச்சை, எஜமானி வெளியே. வெறுங்காலோடு எவளும் தெருவுக்குப் போக மாட்டாள். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. பச்சை எரிந்தால் சால்டரிங். சிவப்பு எரிந்தால் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருப்பேன். "என்ன இது, மாறிட்டீங்களே" என்று மிட்சுயோ ஆச்சரியப்பட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில், தலைவலி, மாடியில் படுக்கிறேன், கூப்பிடாதீர்கள் என்றாள். குளியலறையைத் தேய்த்துவிட்டு வந்து பார்த்தேன். சிவப்பு. மாடியில் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. ஜன்னல்களைத் துடைத்தேன். சிவப்பு. துணி மடித்தேன். சிவப்பு.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஹொசகா அம்மா தெருவில் வீடு வீடாகக் கைமாறும் அறிவிப்புப் பலகையைக் கொடுக்க வந்தார்.

"காலையில ஸ்டேஷன்ல உங்க வீட்டம்மாவைப் பார்த்தேன். வெந்நீர் ஊற்றுல குளிக்கப் போறாங்களாமே, சிநேகிதியோட."

"இல்லீங்களே. மேல தூங்கறா."

"என்கிட்ட பேசினாங்களே சார்."

"தூங்கிட்டே பேச மாட்டாளே" என்றேன். எனக்கே குழப்பமாக இருந்தது.

அவர் போனதும் வாசலைப் பார்த்தேன். மிட்சுயோவின் சாம்பல் நிற ஷூ தட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டரில் சோதித்தேன். சரி. ஒயர் சரி. பேட்டரி சரி. ஹொசகா அம்மா போன வருஷம் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர். என் சுவிட்சோ புத்தம் புதுசு. யாரை நம்புவது? மாடிக்குப் போய்ப் பார்த்துவிடலாம்தான். அவள் விழித்துக்கொண்டால் பரணைச் சுத்தம் பண்ணச் சொல்வாள். அதனால் நானாகவே பரணைச் சுத்தம் பண்ணினேன்.

சாயங்காலம் வாசல் கதவு திறந்தது. கன்னமெல்லாம் சிவக்க, ஈரத் தலையோடு மிட்சுயோ வெளியிலிருந்து வந்தாள். விளக்கைப் பார்த்தேன். சிவப்பு. அவளைப் பார்த்தேன்.

"நீ... மேல தூங்கிட்டிருக்கியே" என்றேன்.

"அப்படியா? பாவம், எழுப்பாதீங்க. தூங்கட்டும்."

அவள் ஷூவைக் கழற்றினாள். அதே சாம்பல் நிறம், அதே அளவு. பழைய ஜோடிக்குப் பக்கத்தில் வைத்து, ஷூவின் மூக்கை வாசல் பக்கம் திருப்பினாள்.

"முப்பது வருஷமா அந்தத் தட்டைத் துடைக்கிறவ நான். புது ஒயர் என் கண்ணுல படாதா?"

"பெட்டியெல்லாம்... குப்பைக்கா?" என்றேன்.

அவள் பளபளக்கும் ஜன்னல்களை நிதானமாகப் பார்த்தாள். பரணைப் பார்த்தாள். மடித்த துணியைப் பார்த்தாள்.

"எதுக்குங்க? பெட்டியெல்லாம் இருக்கட்டும். அந்த விளக்கை மட்டும் கழட்டிடாதீங்க. நீங்க இதுவரைக்கும் செஞ்சதுலயே உருப்படியா வேலை செய்யறது அது ஒண்ணுதான்."

அன்றிலிருந்து தட்டில் எந்நேரமும் ஒரு ஜோடி ஷூ இருக்கிறது. அவள் இப்போது வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. துணி மடித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.