ராஜாத்தியின் வால்முடி

இரக்கம் அதிகமுள்ளவன் கையில் கத்தரிக்கோல் கிடைக்கக் கூடாது. நான் இரக்கமுள்ளவன். முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தும் ஒரு பையனைக் கிள்ளியதில்லை (பையன்கள் வேறு மாதிரி சொல்வார்கள்).

என் மருமகள் ஸ்டெல்லா கால்நடை ஆராய்ச்சியில் இருக்கிறாள். வலங்கைமான் பக்கம் எங்கள் தெருவில் பதினாறு எருமைகள். ஒரே வைக்கோல், ஒரே வாய்க்கால் தண்ணீர். ஆனால் ஒன்றின் பாலில் ஆடை கம்பளி மாதிரி படியும்; அடுத்த வீட்டுப் பாலில் வெங்காயச் சருகு மாதிரி. மரபணுவில் எந்தச் சின்ன மாற்றம் இந்தக் கொழுப்போடு சேர்ந்து வருகிறது என்று தேடுகிறாள். அதற்கு ஒவ்வொரு எருமையின் பாலும் வால்முடியும் வேண்டும்.

பாலை அவள் பார்த்துக்கொண்டாள். “முடிய மட்டும் நீங்க பிடுங்கி கவர்ல போட்டுடுங்க மாமா. நாலு மணிக்கு லேப் வண்டி வந்துடும். விட்டுட்டா நம்ம தெருவே ஆராய்ச்சில இருக்காது.”

பிடுங்குவதா? வாயில்லா ஜீவனையா? மீசை கத்தரிக்கோலை எடுத்தேன். எருமைக்குப் பத்து வீதம் நூற்றறுபது முடி. இரண்டு தடவை எண்ணினேன். நீளம் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று இரு பக்கமும் நறுக்கிச் சமமாக்கினேன்.

மூன்று மணிக்கு ஸ்டெல்லா ஒரு கவரைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தாள். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“மாமா, வேர் எங்க?”

“மாட்டுகிட்டயே இருக்கும்மா. பத்திரமா இருக்கு.”

வேரில் ஒட்டியிருக்கும் செல்லில்தான் அவளுக்கு வேண்டிய மரபணு இருக்கிறதாம். நான் சேர்த்தது ஒரு சின்னத் துடைப்பம்.

பதறிப்போய் ராஜாத்தியிடம் ஓடினேன். பக்கத்து வீட்டுச் செல்வியின் எருமை; தெருவிலேயே கெட்டியான பால் அதனுடையது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். வாலைச் சுழற்றி ஒரு வீசு. கண்ணாடி வைக்கோலில், நான் சாணிக்குழியில்.

செல்வி கைகொடுத்துத் தூக்கினாள். “காலையில முடி வெட்டினீங்க, இப்ப சவரமா சார்? அவ என்னதான் நெனப்பா?”

ஸ்டெல்லா வந்தாள். ராஜாத்தியின் முதுகில் ஒரு கையை வைத்து, செல்வியிடம் தீவனம் பற்றி விசாரித்தபடியே மறுகையைச் சுண்டினாள். முடி வேரோடு வந்தது. ராஜாத்தி அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை. பதினாறையும் முடித்து, எண் எழுதி, வண்டி ஹாரன் அடிக்கும்போது பெட்டியை மூடினாள். கையெழுத்து ஓரிடத்திலும் கோணவில்லை. நான் ஒரு வகுப்பைக்கூட அப்படி நடத்தியதில்லை.

பிறகு சோதித்ததில், அவள் தேடிய மாற்றம் ராஜாத்தியிடம் இருந்ததாம். ஒரு மாட்டை வைத்து முடிவு சொல்ல மாட்டேன் என்கிறாள். அந்த நிதானமும் எனக்கு வராது.

இப்போதும் நான் (மிச்சமிருக்கும்) முடியை வெட்டிக்கொள்ளக் கிளம்பினால் அடுப்படியிலிருந்து குரல் வரும்:

“உங்களுக்கு வெட்டினா போதும் மாமா. வேரு வேண்டாம்.”