ஒரு கைப்பேசியின் மறுபிறப்பும் அதில் என் திருப்பணியும்

ஒழுங்காக வேலை செய்யும் பொருளைச் சீர்திருத்தாமல் விட்டுவைப்பது நாகரிகத்துக்கே இழுக்கு. இந்த உயர்ந்த கொள்கைக்காக என் வீட்டில் ஒரு மிக்ஸியும் ஒரு சுவர்க் கடிகாரமும் ஏற்கெனவே உயிர்த்தியாகம் செய்திருக்கின்றன. சென்ற ஞாயிறன்று என் மனைவியின் கைப்பேசிக்கு அந்தப் பேறு வாய்த்தது.

அதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. புது மென்பொருள் ஏற்ற வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காலையில் அறிவித்தேன். அவள் மறுக்கவில்லை. "குளிச்சிட்டு வாங்க, தரேன்" என்றாள். நல்ல காரியத்துக்கு முன் நீராட வேண்டும் என்ற அந்தச் சிரத்தை என்னை நெகிழவைத்தது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவளும் மகளும் தங்கள் கைப்பேசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்திருந்தார்கள். 'பிரிவு உபசாரம்' என்று எண்ணிக்கொண்டேன்.

கைப்பேசியைக் கணினியில் சொருகி வேலையைத் தொடங்கினேன். பாதி ஏறியபோது என் சவர மெஷினுக்கு சார்ஜ் தேவைப்பட்டது. ஒரு வயரைப் பிடுங்கினேன். எல்லா வயரும் கறுப்பாக இருந்தது யார் குற்றம்? கைப்பேசியில் கம்பெனிச் சின்னம் மட்டும் தோன்றியது, மறைந்தது, மறுபடி தோன்றியது. விக்கல் எடுத்தவனைப் போல அதையே செய்துகொண்டிருந்தது.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். தேன் குரலில் ஒரு பெண் பேசினாள்.

"போனை ஆன் பண்ணி செட்டிங்ஸ் போங்க சார்."

"ஆன் ஆகலைன்னுதாம்மா கூப்பிட்டேன்."

"புரியுது சார். ஆன் ஆனதும் சொல்லுங்க."

இந்தப் பொறுமையை வியக்காதவன் மனிதனே அல்ல. கடைசியில், கம்பெனியின் மென்பொருளைக் கணினியில் இறக்கி, கைப்பேசியின் இயங்குதளத்தை முதலிலிருந்து ஏற்றலாம் என்று வழி சொன்னாள். உள்ளே இருப்பதெல்லாம் திரும்ப வருமா என்று கேட்டேன். "உங்க அனுபவம் எங்களுக்கு முக்கியம் சார்" என்றாள்.

உள்ளே இருந்தது ஒரு கதை. மகள் மூன்று வயதில் சொல்லிப் பதிவானது. ஆபீஸுக்குப் போன எறும்பு குடையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வரும். மனைவி துணி மடிக்கும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்பாள். நான் பக்கத்து அறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்பேன். இப்போது மகள் கல்லூரி மாணவி. எதைக் கேட்டாலும் "ம்", இல்லாவிட்டால் "தெரியல".

சிகிச்சை தொடங்கியது. ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அமுக்கியபடியே வயரைச் சொருக வேண்டும். மனைவி அமுக்கினாள், நான் சொருகினேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை. கணினி விழித்து ஒரு பெட்டியைக் காட்டியது: 'அனைத்துத் தரவும் அழியும். தொடரவா?'

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அமுக்குங்க. அடுப்புல வேலை இருக்கு" என்றாள் மனைவி.

ஆகா, என்ன துறவு! ஞானிகளுக்கும் கைகூடாத பற்றின்மை! அமுக்கினேன். பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்து மறுகோடியைத் தொட்டது. கைப்பேசி கண் திறந்து, பிறந்த குழந்தையின் வெகுளித்தனத்தோடு, 'வணக்கம்! உங்கள் மொழி எது?' என்று கேட்டது.

மகளின் அறை வாசலில் போய் நின்றேன்.

"எறும்புக் கதை போச்சும்மா. அப்பா அழிச்சிட்டேன். அம்மா ஏன் ஒரு வார்த்தை திட்டல? எல்லாரும் ஏன் இவ்வளவு அமைதியா இருக்கீங்க?"

'தெரியல' வரும் என்று காத்திருந்தேன். அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள். தன் கைப்பேசியை எடுத்து எதையோ தட்டினாள். மூன்று வயதுக் குரல், எறும்பு குடையை மறந்த இடத்திலிருந்து தொடங்கியது. நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை அதை ஓடவிட்டு, பல மாதங்களில் முதல் முறையாக முழுசாகப் பேசினாள்.

"நீங்க 'நான் பாத்துக்கறேன்'னு சொன்னாலே அம்மா உங்களைக் குளிக்க அனுப்பிடுவாங்கப்பா. நீங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் காப்பாத்திடுவோம். போன தடவை புது மிக்ஸியைப் பக்கத்து வீட்ல ஒளிச்சு வெச்சதும் அப்படித்தான். இந்த வீட்டுக்கு வெளியில இருந்து வைரஸ் வரணும்னு அவசியமே இல்ல."