பதினேழாம் எண்

கணக்குப் பதிவியல் வகுப்புக்கு இனிமேல் போவதே இல்லை என்று நான் சபதம் எடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அது சபதம் இல்லை, விண்ணப்பம்.

மரக்கிடங்கில் பல வருடங்களாகக் கணக்கு எழுதியவன் நான். யாரும் கற்றுத் தரவில்லை, நானாகவே பழகிக்கொண்டது. திடீரென்று ஒருநாள் முதலாளி, "பல்கலைக்கழகச் சான்றிதழ் இல்லேன்னா உங்க நாற்காலியில வேற ஆள்தான்" என்றுவிட்டார். அந்த வாரமே மனைவி என்னை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டாள். விண்ணப்பத்தை நிரப்பியதும் அவள்தான். கையெழுத்து மட்டும் என்னுடையது. அதையும் அவள் போட்டிருந்தால் இன்னும் என்னுடையது மாதிரி இருந்திருக்கும்.

அவளுக்கு அந்தத் திறமை உண்டு. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் விற்க வருகிறவர்கள் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்தபடியே என் இருமலை இருமி, என் குரலில் "வேண்டாம்பா, போ" என்பாள்.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட். மீசை இரண்டு பக்கமும் அவ்வளவு கச்சிதமாகச் சமன்பட்டிருக்கும். பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எண்களைக் கூப்பிடுவார்; என் எண் பதினேழு. அப்புறம் முழு நேரமும் கரும்பலகையோடுதான் பேச்சு. முதல் வகுப்பிலேயே, தேய்மானம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டார். தினமும் கண்ணாடியில் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? நான் உளறியதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். சபதம் பிறந்தது.

மறுநாளிலிருந்து ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்துவிட்டு, வகுப்பு முடிந்து அரை மணி கழித்து வீடு திரும்பினேன்.

"இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தார்?"

"பற்று, வரவு."

"அப்புறம்?"

"அப்புறம்... வரவு, பற்று."

"உங்க பழுப்புக் கோட்டைக் காணோமே?"

"வகுப்புல மறந்து வெச்சிருப்பேன்."

"அப்படியா" என்றாள்.

சில வாரம் கழித்து, என்னோடு படிக்கும் வங்கிக் காசாளர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டார்.

"நேத்து பிரமாதம் சார்!"

"எது?"

"இருப்பாய்வுல பற்றும் வரவும் சமமா வந்தாலும் உள்ள தப்பு இருக்கலாமான்னு கேட்டீங்களே. ஐந்தொகையே அசந்துட்டார்."

"நேத்தா? நானா?"

"பின்ன? பதினேழாம் எண் வேற யாரு?"

அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

அன்று மாலை பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நீண்ட தாழ்வாரத்தில் ஒரு ஆள்கூட இல்லை. கடைசியில் ஒரே ஒரு குழல்விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

"பதினாறு."

"உள்ளேன் ஐயா."

"பதினேழு."

வெளியே நின்ற நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். கடைசி பெஞ்சில் யாரோ இருமினார்கள். என் இருமல். பிறகு என் குரல்:

"உள்ளேன் ஐயா."

என் பழுப்புக் கோட்டு. என் கம்பளிக் குல்லாய். குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. என் மார்பைத் தொட்டுப் பார்த்தேன். நான் இருக்கிறேனா என்று உறுதியாகத் தெரியவில்லை. அந்தக் கோட்டு மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பியது. தாழ்வார விளக்கு அணைந்தது.

ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. இருட்டில் வாசற்படியில் உட்கார்ந்தேன். ஒருவேளை காத்திருப்பு அறையிலேயே நான் செத்துப்போய், யாரும் எனக்குத் தகவல் சொல்லவில்லையோ?

வெளிக்கதவு கிரீச்சிட்டது. என் கோட்டு உள்ளே வந்தது. என்னைக் கடந்து போய்ச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தது. திரும்பிப் பார்க்காமலே சொன்னது:

"உள்ள வர்றீங்களா, இல்ல இதையும் காத்திருப்பு அறைன்னு நெனச்சுட்டீங்களா?"

"நீயா?"

"மழைன்னு ஒருநாள் வகுப்புக்குக் குடை கொண்டாந்தேன். உங்க இடம் காலி. மறுநாள் ஸ்டேஷன் வரைக்கும் உங்க பின்னாடியே வந்தேன்."

"வகுப்புல எல்லாருக்கும் தெரியுமா?"

"ஐந்தொகையைத் தவிர."

"காசாளருக்கு?"

"அவர்தான் எனக்கு இடம் பிடிச்சு வைக்கிறார்."

குல்லாயைக் கழற்றினாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "என்னைப் பள்ளிக்கூடத்தோட நிறுத்திட்டாங்க. ஒரு நாற்காலி சும்மா கிடக்கிறதைப் பார்த்ததும் மனசு கேக்கலைங்க."

"அப்போ நான்?"

"கணக்கு ஒத்து வரலேன்னா, வித்தியாசம் எங்கேன்னு புரியாத வரைக்கும் அதை அனாமத்துக் கணக்குல போட்டு வைக்கணும். உங்களை அங்கதான் போட்டு வெச்சிருக்கேன்."

தேர்வுச் சீட்டில் என் புகைப்படம் இருந்ததால் தேர்வை நான்தான் எழுத வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் அவள் பாடம் நடத்தினாள். ஐந்தொகையாவது சுவரைப் பார்த்துப் பேசுவார். இவள் என்னையே பார்த்துப் பேசினாள். தேறினேன். நாற்காலி தப்பியது. அடுத்த வருடம் அவள் சொந்தப் பெயரில் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினாள். நான் சமைக்கக் கற்றேன்.

அவள் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. வீட்டில் நான் மட்டும்தான். போன வாரம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"துடைப்பம் வேணுமாய்யா, துடைப்பம்!"

நாற்காலியிலிருந்து எழுந்திருக்க எனக்கு நேரமாகும். பாதி எழுந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. உள் அறையில் இருமல் கேட்டது. என் இருமல்.

"வேண்டாம்பா, போ."

அவன் போய்விட்டான். அந்த அறையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு நிஜமாகவே ஒரு துடைப்பம் வேண்டியிருந்தது.