காய்ச்சல் இறங்கிய கிரானுலேட்டர்

உப்புமாவில் தண்ணீர் எந்தச் சொட்டில் அதிகமாகிறது? கெமிக்கல் எஞ்சினியரிங் படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிய எனக்கு இன்றுவரை விடை தெரியாது. அதுவரை உதிரி உதிரியாக இருக்கும் ரவை, ஏதோ ஒரு சொட்டில் கட்டி தட்டிவிடுகிறது. அந்தச் சொட்டு விழுவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. உப்புமா என்றால் விஷயம் வீட்டோடு போய்விடும். நான் இதை மூட்டைக்கணக்கான கோழிச்சத்துப் பொடியில், வாங்க வந்தவர் கண்முன்னாலேயே செய்துகாட்டினேன்.

நாமக்கல் பக்கம், கோழித்தீவனத்தில் கலக்கிற சத்துப் பொடி தயாரிக்கும் சிறிய கம்பெனி அது. மகள் யாழினிக்கு ஒரு வயது முடிந்ததும் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பொடி பறந்து வீணாகிறது, தும்மல் வருகிறது என்று பண்ணைக்காரர்கள் சொன்னதால், அதைக் குருணையாக்க முதலாளி ஒரு கிரானுலேட்டர் வாங்கியிருந்தார். ஆளுயர எஃகுப் பாத்திரம். அடியிலிருந்து சூடான காற்று வரும். பொடி அதில் மிதந்து, கொதிக்கிற மாதிரி குதிக்கும். மேலேயிருந்து ஜவ்வரிசி மாவுக் கஞ்சியைப் பன்னீர் தெளிப்பதுபோலத் தூவினால், பொடி ஒன்றோடொன்று ஒட்டிக் கடுகளவு குருணையாகும். (ஈரம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரையே.)

"பண்ணைக்காரர் நேர்ல பாக்க வாராருங்க. இது நல்லா வந்துச்சுன்னா மெஷின் உங்க பொறுப்பு. இல்லீன்னா திருப்பி அனுப்பிருவேன்" என்றார் முதலாளி. மெஷின் போனால் நானும் போகவேண்டியதுதான். அதை ஓட்டத்தான் என்னை எடுத்திருந்தார்கள்.

அந்த நாள் பார்த்து யாழினிக்குக் காய்ச்சல். ஆட்டையாம்பட்டி வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது, அத்தையின் (என் மாமியார்) தோளில் கிடந்து கத்தினாள்.

"நீ போ சாமி, நா பாத்துக்கறேன். நிமிசத்துக்கு ஒருக்கா போன் மட்டும் பண்ணாத" என்றார் அத்தை. பஸ் வருவதற்குள்ளேயே பண்ணிவிட்டேன். போவது சரியா, தப்பா? பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே யோசனை. ஆனால் போவதென்று முடிவு செய்தாயிற்று, இறங்கவில்லை.

மெஷினை ஓட்டினோம். ஆபரேட்டர் முருகேசண்ணன் வால்வுக்குப் பக்கத்தில். பண்ணைக்காரர் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, "இன்னும் பொகையாட்டப் பறக்குதுங்களே" என்றார். கஞ்சி போகும் பம்பைக் கொஞ்சம் கூட்டினேன். போதுமா? தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். பிள்ளைக்குச் சோறு ஊட்டிப் பழகிய கை அது. இது கடைசி வாய், இது காக்காய்க்கு, இது நிலாவுக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. ஜன்னலில் பொடி அப்பி, உள்ளே எதுவும் தெரியாமல் போயிற்று.

அப்போது அத்தையிடமிருந்து போன். "காய்ச்சல் எறங்கிருச்சு கண்ணு. சத்தமில்லாமத் தூங்கறா."

உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. திரும்பினால், மெஷினின் சூடு காட்டும் முள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. குருணை சுவரில் மோதுகிற சடசட சத்தமும் தேய்ந்துகொண்டிருந்தது.

"மேடம், சூடு எறங்குதுங்க" என்றார் முருகேசண்ணன்.

"நல்லதுதாண்ணா."

"சத்தமும் கொறையுதுங்க."

நான் உதட்டில் விரல் வைத்தேன். சத்தியமாக வைத்தேன். முருகேசண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைப் பூனைபோலத் தரையில் வைத்தார். முதலாளி குசுகுசுவென்று பேசினார். பண்ணைக்காரர் தன் போனைச் சைலன்ட்டில் போட்டார். தொட்டிலைச் சுற்றி நிற்பதுபோல எல்லோரும் பயபக்தியோடு நின்றோம்.

பிள்ளைக்குச் சூடு இறங்கினால் குணமாகிறது என்று அர்த்தம். நனைந்த பொடிக்குச் சூடு இறங்கினால், காய்கிற வேகத்தைவிட ஈரம் அதிகமாகச் சேர்கிறது, பொடி மிதக்க முடியாமல் உட்காருகிறது என்று அர்த்தம். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவள் நான். நினைவு வந்து பம்பை நிறுத்தியபோது கஞ்சி முழுவதும் உள்ளே போயிருந்தது; நிறுத்த அங்கே எதுவும் மிச்சமில்லை.

திறந்தோம். பாத்திரத்தின் வடிவம் பிசகாமல், உள்ளே ஒரே ஒரு களிக்கட்டி. பண்ணைக்காரர் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதக் கோழி கொத்தோணுமா? இல்ல, இதுல கோழியக் கட்டிப்போடோணுமா?"

"மழை பேஞ்சாலும் கரையாதுங்க" என்றார் முருகேசண்ணன், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து.

வீட்டுக்கு ஓடி யாழினி பக்கத்தில் படுத்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்காகவா அவள் கத்தக் கத்த விட்டுவிட்டு வந்தேன்? "டீ குடிச்சிட்டு இருங்க. இன்னொரு தடவை போடறேன்" என்றேன்.

கடப்பாரை போட்டு உடைத்து, சுரண்டி, கழுவினோம். போனை அணைத்து முருகேசண்ணனிடம் கொடுத்தேன். பம்பைப் பாதிக்கு வைத்துவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பறக்குதுங்களே" என்றார் பண்ணைக்காரர்.

"பறக்கட்டும்ங்க."

சடசட சத்தம் கடைசிவரை ஓயவில்லை. அள்ளிப் பார்த்தால் சில குருணை பெரிசு, சில பொடிசு. பண்ணைக்காரர் உள்ளங்கையில் கொட்டி ஊதினார். "பரவால்லீங்க. கோழி அளந்தா பாக்கப் போவுது?" என்று ஒரு மூட்டை எடுத்துப்போனார். மெஷின் தங்கியது. நானும்.

வீட்டில்தான் தப்பிக்க முடியவில்லை. நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், என் கணவர் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு, "மேடம், சூடு எறங்கிருச்சுங்களா?" என்பார். வருகிற விருந்தாளியிடமெல்லாம் அத்தை, "எங்க மருமவ மெஷினையே தூங்க வெச்சவ" என்று பெருமையாகச் சொல்கிறார்.

ஆனால் அன்றிலிருந்து எனக்கு அமைதி என்றாலே பயம். யாழினி சத்தமில்லாமல் தூங்கினால் மனசு கேட்காமல் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். விழித்துக்கொண்டு வீட்டையே இரண்டாக்குகிறாள். தொடாமல், மூக்குக்குக் கீழே விரலை மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னார் அத்தை. வைத்தேன். கடித்துவிட்டாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமலே, அது தூங்கத்தான் செய்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வழி தெரியுமா? தயவுசெய்து எழுதுங்கள். பகலில் எழுதினால் போதும். அவள் தூங்கும் நேரத்தில் போனைச் சைலன்ட்டில்தான் வைத்திருப்பேன்.